டோக்கியோ நாட்டார் கைவினை அருங்காட்சியகம்: செல்லுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த அருங்காட்சியகம்? யார் தொடங்கினார்கள்?

டோக்கியோவின் மெகுரோ வட்டாரத்தில், கோமாபா என்னும் அமைதியான குடியிருப்புப் பகுதியில், 1936ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட ஜப்பான் நாட்டார் கைவினை அருங்காட்சியகம் இது. ஜப்பானியர் இதை மிங்கேகான் என்று அழைக்கிறார்கள். இதை நிறுவியவர் யனகி சோயெத்சு (1889–1961) என்னும் சிந்தனையாளர். அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் செய்யப்பட்ட விலையுயர்ந்த பொருள்களை மட்டுமே கலை என்று போற்றிய காலத்தில், உழவர் வீட்டுச் சோற்றுக் கிண்ணம், எண்ணெய்த் தட்டு, தண்ணீர்ச் சாடி, வயலில் உடுத்திய சட்டை ஆகியவற்றின் அழகைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதியவர் அவர்.

அவரும் குயவர்களான ஹமாதா ஷோஜி, கவாய் கஞ்சிரோ ஆகியோரும் 1925இல் இவ்வகைப் பொருள்களுக்கு 'மிங்கே', அதாவது மக்கள் கைவினை, என்று பெயரிட்டார்கள். இவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற அறிக்கை அடுத்த ஆண்டு வெளிவந்தது. குராஷிகி நகரத் தொழிலதிபர் ஓஹாரா மகோசபுரோ பணம் கொடுத்து உதவியதால், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கட்டடம் எழுந்தது. இன்று அதன் சேகரிப்பில் ஏறத்தாழ 17,000 பொருள்கள் உள்ளன.

2021ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில் என்ன மாறியிருக்கிறது?

மாற்றம் முதன்மையாக மாடியிலுள்ள பெரிய காட்சிக்கூடத்தில் நிகழ்ந்தது. 1936இல் கட்டிய முதன்மைக் கட்டடம், வெண்சாந்துச் சுவரும் ஓட்டுக்கூரையும் அகன்ற மரப்படிக்கட்டும் கொண்டது. அது அப்படியே நிற்கிறது. அதன் பின்புறம் 1982இல் ஒரு புதிய பகுதியைச் சேர்த்தார்கள். அந்தப் பகுதியிலுள்ள பெரிய கூடத்தைத்தான் சில மாதங்கள் மூடி வைத்துப் புதுப்பித்து, 2021 வசந்த காலத்தில் திறந்தார்கள். வடிவமைப்பாளர் ஃபுகாசாவா நவோத்தோ இயக்குநராக இருக்கும் காலத்தில் இப்பணி நடந்தது.

புதிய கூடத்தின் தரையில் ஓயா கல் பாவியிருக்கிறார்கள். சுவர்களில் குஸு நார்த் துணி ஒட்டியிருக்கிறார்கள். இவ்விரண்டையும் அங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். பெரும்பாலான பார்வையாளர்கள் கண்ணாடிப் பேழைகளை மட்டும் பார்த்துவிட்டுச் சென்றுவிடுகிறார்கள்.

ஓயா கல் என்பது தோச்சிகி மாநிலத்தின் உத்சுனோமியா நகரையொட்டி வெட்டப்படும் எரிமலைச் சாம்பற்கல். மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது, வெளிர்ப் பசுமையும் சாம்பல் நிறமும் கலந்தது. ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். வெளிச்சத்தைப் பளபளவென்று திருப்பியடிக்காமல் உள்வாங்கிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், அதன் மேல் வைக்கப்பட்ட மண்பாண்டமும் மரப்பெட்டியும் தம் நிறம் கெடாமல் தெரிகின்றன. 1923இல் முடிந்த டோக்கியோ இம்பீரியல் ஓட்டலுக்கு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் தேர்ந்தெடுத்ததும் இதே கல்தான்.

குஸு என்பது மலைச்சரிவுகளில் தானாகப் படர்ந்து வளரும் காட்டுக்கொடி. அதன் நாரில் துணி நெய்யும் தொழிலுக்கு ஷிசுவோகா மாநிலத்தின் ககேகாவா ஊர் பெயர் பெற்றது. கோடையில் வெட்டிய கொடியை வேகவைத்து, புல்லால் மூடிப் புளிக்கவிட்டு, மேல்தோல் அழுகிக் கழன்றபின் ஓடும் நீரில் அலசி, உள்நாரை உரித்தெடுக்கிறார்கள். பிறகு அதை மெல்லிய இழைகளாகக் கிழித்து, ஒன்றோடொன்று முடிந்து நீட்டுகிறார்கள். முறுக்காமல் தட்டையாகவே ஊடையில் ஓட்டுவதால் துணியில் ஒரு தணிந்த மினுமினுப்பு நிற்கிறது. முற்காலத்தில் இதை வீட்டின் நகரும் கதவுகளுக்கு ஒட்டினார்கள். இன்று இதை நெய்வோர் மிகச் சிலரே. ஓர் அருங்காட்சியகம் தன் சுவர் முழுவதற்கும் இந்தத் துணியை வாங்கியது என்றால், அது அந்தத் தறிகளுக்கு வேலை கொடுத்தது என்றும் பொருள். நாட்டார் கைவினைக்கென உள்ள நிறுவனம் செய்யக்கூடிய ஆகச் சிறந்த புதுப்பிப்பு இதுவே என்பது என் கருத்து.

1982க்கு முன்பிருந்த பழைய பெரிய கூடம் என்ன ஆயிற்று?

இடித்துத் தள்ளவில்லை. பிரித்தெடுத்து ஐச்சி மாநிலத்தின் டொயோட்டா நகருக்குக் கொண்டுசென்று மீண்டும் கட்டினார்கள். 1983இல் தொடங்கிய டொயோட்டா நகர நாட்டார் கைவினைக் காட்சியகத்தின் முதல் கட்டடம் அதுதான். நகோயாப் பக்கம் பயணம் செய்வோர் அங்கே சென்றால், யனகி அமைத்த மூலக்கூடத்தில் நிற்கலாம். டோக்கியோவில் 2021இல் செய்த வேலையும் அந்த 1936ஆம் ஆண்டுக் கூடத்தின் தோற்றத்துக்கு அருகில் செல்லும் முயற்சியே ஆகும். ஆகவே இரண்டையும் பார்ப்பவருக்கு, எதை மீட்டார்கள், எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்பது நன்றாக விளங்கும்.

புதுப்பித்தல் என்ற பெயரில் இழப்பும் நேரலாம் என்பதை இந்தியராகிய நாம் அறிவோம். மதுபனி ஓவியத்தின் தலைசிறந்த கலைஞரான கங்கா தேவி, புற்றுநோய்ச் சிகிச்சைக்காக டெல்லியில் தங்கியிருந்த காலத்தில், அங்குள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்தின் சுவர்களில் மணமக்கள் அறைக்குரிய மரபு ஓவியத்தைத் தீட்டினார். 1991இல் அவர் மறைந்தார். 2015இல் நடந்த சீரமைப்பில் அந்தச் சுவரோவியம் அழிந்துபோனது. அதை மீண்டும் பெற வழியே இல்லை. கோமாபாவில் ஒரு கூடம் தேவைப்படாதபோதும் அதைத் தூண் தூணாகக் கழற்றி வேறோர் ஊரில் நிறுத்தினார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது, இந்த ஒப்பீடு தானே மனத்தில் எழுகிறது.

பொருள்களுக்கு அருகில் விளக்கமே இல்லையே, ஏன்?

இது குறையன்று, வேண்டுமென்றே செய்தது. கறுப்புப் பலகையில் சிவப்பு எழுத்தால் கையெழுத்தாக எழுதிய சிறு சீட்டுகள் மட்டும் வைக்கப்பட்டிருக்கும். பொருளின் பெயர், ஊர், காலம் ஆகியவற்றுக்கு மேல் அதில் பெரும்பாலும் எதுவும் இராது. முதலில் கண் பார்க்கட்டும், அறிவு பின்னால் வரட்டும் என்பது யனகியின் கொள்கை. இது புகழ்பெற்றது, இது அரிது, இது இன்ன விலை என்று தெரிந்துகொண்டு பார்ப்பவர் தாம் கேள்விப்பட்டதைத்தான் பார்க்கிறார், பொருளைப் பார்ப்பதில்லை என்று அவர் கருதினார்.

ஆகவே முதல் சுற்றில் எதையும் படிக்காமல் நடந்து பாருங்கள். கொரியச் சாடிக்கு அருகில் ஜப்பானிய உழவர் சட்டையும், அதற்குப் பக்கத்தில் ஆங்கிலேயர் வீட்டுத் தட்டும் வைத்திருப்பார்கள். நாடுவாரியாகவும் நூற்றாண்டுவாரியாகவும் பிரிக்காமல், ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றனவா என்பதை மட்டுமே பார்த்து அடுக்கியிருப்பதால், கண் ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்குத் தடையின்றிச் செல்கிறது. இரண்டாம் சுற்றில் சீட்டுகளைப் பார்க்கலாம். ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை நம்பிச் செல்வதைவிட, கீழே சொல்லியிருக்கும் சில செய்திகளை முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது. கையெழுத்தைச் செயலிகள் சரியாகப் படிப்பதில்லை.

எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

நிலையான காட்சி என்று ஒன்று இல்லை. ஆண்டுக்குச் சில முறை கண்காட்சி முழுவதும் மாறும். அதனால் குறிப்பிட்ட ஒரு பொருளைப் பார்க்கும் எண்ணத்துடன் போகாமல், சேகரிப்பின் பெரும் பிரிவுகளைத் தெரிந்துகொண்டு போவது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

ஒக்கினாவாத் துணிகளை முதலில் சொல்வேன். அச்சுத்தாள் வெட்டிச் சாயமேற்றும் பிங்காத்தா துணி, மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வெயிலில் விரித்ததுபோல் ஒளிரும். பாஷோஃபு என்பது ஒருவகை வாழையின் நாரில் நெய்த, காற்றோட்டமான கோடைத்துணி. யனகியும் அவருடைய நண்பர்களும் 1938 முதல் 1940 வரை பலமுறை அந்தத் தீவுகளுக்குச் சென்று இவற்றைச் சேகரித்தார்கள். 1945இல் நடந்த ஒக்கினாவாப் போரில் தீவின் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மாண்டனர். வீடுகளும் கோயில்களும் அவற்றில் இருந்த துணிகளும் பாண்டங்களும் எரிந்தன. போருக்கு முந்தைய ஒக்கினாவாக் கைவினையில் டோக்கியோவுக்கு வந்துவிட்டவை தப்பின. பின்னாளில் அத்தீவின் நெசவாளர்களும் சாயக்காரர்களும் தம் தொழிலை மீட்டெடுக்க முயன்றபோது, இத்தகைய சேகரிப்புகளுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று.

ஒக்கினாவா தொடர்பாக இன்னொரு செய்தியைத் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டும். அத்தீவின் மொழியைப் பள்ளிகளிலும் பொதுவெளியிலும் ஒதுக்கிவிட்டுப் பொது ஜப்பானிய மொழியை மட்டும் பேசச் செய்யும் இயக்கம் அப்போது தீவிரமாக நடந்தது. 1940இல் அங்கே சென்ற யனகி, ஒரு மக்களின் மொழியை இழிவுபடுத்துவது தவறு என்று வெளிப்படையாக எதிர்த்தார்; அது பெரும் விவாதமாக வெடித்தது. துணியின் அழகைப் பேசியவர், அதை நெய்தவரின் மொழிக்காகவும் பேசினார் என்பது இந்த அருங்காட்சியகத்தின் மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

அடுத்தது வடக்கே துகாருப் பகுதியின் கோகின் தையல். எடோ காலத்தில் (1603–1868) அங்குள்ள உழவர்கள் பருத்தி ஆடை உடுத்தத் தடை இருந்தது. குளிரோ கொடியது, சணல் இனத்து நாரில் நெய்த துணியோ இடைவெளி மிகுந்தது. ஆகவே பெண்கள் அந்தத் துணியின் இழைகளை எண்ணி, வெள்ளைப் பருத்தி நூலால் நெருக்கமாகத் தைத்து அதைக் கனமாக்கினார்கள். நீலத்தின் மேல் வெள்ளையாக எழும் அந்தக் கட்டக் கோலங்களில் அளவு சிறிதும் பிசகாது. அருகில் நின்று நோக்கினால் மட்டுமே உழைப்பின் அளவு புரியும்.

ஓத்சு ஓவியங்களும் இருக்கின்றன. தொக்காய்தோ நெடுஞ்சாலையில் ஓத்சு என்னும் ஊரில் வழிப்போக்கர்களுக்கு மலிவாக விற்ற படங்கள் இவை. துறவி வேடமிட்டு நாமம் ஜபிக்கும் கொம்புள்ள அரக்கன் இவற்றில் பலராலும் விரும்பப்பட்ட உரு. விரைவாகத் தீட்டித் தீட்டிக் கை பழகியதால் கோடுகளில் தயக்கமே இராது. இவற்றோடு தம்பாச் சாடிகள், ஐனு மக்களின் ஆடைகள், தைவான் பழங்குடியினர் துணிகள், குழைமண் கோடிட்ட ஆங்கில அடுப்புத்தட்டுகள் முதலியனவும் சேகரிப்பில் உள்ளன.

ஜப்பானிய அருங்காட்சியகத்தில் கொரியப் பொருள்கள் ஏன் இத்தனை?

யனகியின் பயணமே கொரியாவில்தான் தொடங்கியது. 1914இல் நண்பர் ஒருவர் கொண்டுவந்த, புல்லும் பூவும் நீலத்தில் தீட்டிய ஜோசான் அரச மரபுக் காலத்துப் பட்டைச் சாடி ஒன்று அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. அந்தச் சாடி இன்றும் இங்கே உள்ளது. கொரியாவை அப்போது ஜப்பான் ஆண்டுகொண்டிருந்தது. 1919இல் கொரிய மக்கள் விடுதலை கேட்டு எழுந்து ஒடுக்கப்பட்டபோது, யனகி அவர்களுக்கு ஆதரவாக ஜப்பானிய நாளிதழில் எழுதினார். சியோலில் அரண்மனையின் முன்வாயிலான குவாங்ஹ்வாமுனை இடிக்க ஆட்சியாளர்கள் முனைந்தபோது, 1922இல் அதை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். வாயில் இடிபடாமல் வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டது. 1924இல், வனத்துறையில் பணியாற்றிய அசகாவா தகுமியுடன் சேர்ந்து, கொரியரின் கைவினைக்கென்று சியோலிலேயே ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொரியக் கலையின் அழகு துயரத்திலிருந்து பிறந்தது என்று யனகி எழுதியதைப் பிற்காலக் கொரிய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. ஆளும் நாட்டவர் ஒருவர் ஆளப்படுவோரைத் துயரத்தின் உருவமாகவே கண்டார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அது நியாயமான குற்றச்சாட்டு. ஆயினும் அந்தச் சாடிகளின் முன் நிற்கும்போது, உருண்டையாகவும் உறுதியாகவும் நிற்கும் அவற்றில் துயரத்தைவிட நிறைவே தெரிகிறது. யனகியின் கண் அவருடைய கோட்பாட்டைவிடப் பெரிது.

பெயர் தெரியாத கைவினைஞரைப் போற்றும் இடத்தில் புகழ்பெற்ற கலைஞர்களின் படைப்புகள் ஏன்?

நல்ல கேள்வி. ஹமாதா, கவாய், அச்சுச்சாயக் கலைஞர் செரிஸாவா கெய்சுகே, 1956இல் வெனிஸ் பியென்னாலேயில் பெரும்பரிசு பெற்ற மரச்செதுக்குக் கலைஞர் முனகாதா ஷிகோ ஆகியோரின் படைப்புகளும் இங்கே வைக்கப்படுகின்றன. இவர்கள் யனகியின் தோழர்கள்; பெயரின்றி உழைத்தவர்களிடமிருந்து கற்றுத் தம் கலையை வளர்த்தவர்கள். ஹமாதா தம் பானைகளில் கையொப்பமிடுவதை நிறுத்திவிட்டார். கவாய் அரசு அளிக்க முன்வந்த பெருமைகளை மறுத்தார். அப்படியிருந்தும் அவர்களின் பாண்டங்கள் சாதாரண வீட்டார் வாங்க முடியாத விலைக்குப் போயின. இந்த முரண்பாட்டை இவ்வியக்கம் ஒருபோதும் முழுமையாகத் தீர்க்கவில்லை.

எதிரே உள்ள மேற்கு இல்லத்தையும் பார்க்க முடியுமா?

சாலையின் மறுபக்கத்தில் உள்ளது யனகி வாழ்ந்த வீடு. தோச்சிகியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த, கல்லாலான ஓடு வேய்ந்த நீண்ட வாயில்மாளிகையை ஒட்டி 1935இல் அவ்வீட்டைக் கட்டினார்கள். இறக்கும் வரை அவர் அங்கேதான் இருந்தார். முதன்மைக் கட்டடமும் இவ்வீடும் 2021இல் டோக்கியோ அரசின் பண்பாட்டுச் சொத்துகளாக அறிவிக்கப்பட்டன. கண்காட்சி நடக்கும் காலத்தில், மாதத்தில் குறிப்பிட்ட சில புதன், சனிக்கிழமைகளில் மட்டும் உள்ளே விடுவார்கள். அருங்காட்சியகத்தின் இணையதள நாள்காட்டியில் அந்த நாள்களைப் பார்த்து, பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது பயனுள்ளது. அவருடைய படிப்பறையைப் பார்த்தபின் எதிரேயுள்ள காட்சிக்கூடங்கள் வேறுவிதமாகப் புரியும்.

எப்படிச் செல்வது?

ஷிபுயா நிலையத்தில் கெயோ இனோகஷிரா தடத்தில் ஏறி, இரண்டாம் நிறுத்தமான கோமாபா-தோதைமயேயில் இறங்க வேண்டும். விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் ஏறுங்கள். மேற்கு வாயிலிலிருந்து ஏழு நிமிட நடை. வீடுகளுக்கு இடையிலான குறுகிய தெருக்கள் என்பதால் பேச்சைத் தணித்து நடப்பது முறை.

எந்த நாள்களில் மூடியிருக்கும்?

திங்கட்கிழமைகளிலும், ஆண்டு இறுதி விடுமுறையிலும், ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள நாள்களிலும் மூடியிருக்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் வெளியூர்ப் பயணிகள் கவனிக்கத் தவறுகிறார்கள்; அந்த இடைவெளி பல நாள்கள் நீளலாம். மற்ற நாள்களில் காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். 4.30க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். கட்டணத்தையும் அதே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருப்பது நல்லது.

உள்ளே கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் யாவை?

நுழைவாயிலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு, அங்கே வைத்திருக்கும் செருப்பை அணிய வேண்டும். குளிர்காலமாயின் தடித்த காலுறை அணிந்து செல்லுங்கள். காட்சியறைகளில் படமெடுக்க வேண்டாம். முன்கூடத்தில் எடுக்கலாமா என்பதை நுழைவுச்சீட்டு தருபவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பல பொருள்கள் திறந்தவெளியில், கை எட்டும் தொலைவில் இருப்பதால் முதுகுப்பையை முன்புறம் மாட்டிக்கொள்ளுங்கள் அல்லது பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாமா?

அழைத்துச் செல்லலாம். ஆனால் இது பழைய இரண்டடுக்கு மரக்கட்டடம். படியேறச் சிரமப்படுவோர் முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுவிடுவது நலம். குழந்தைகளுக்கென்று விளையாட்டோ தொடுதிரையோ கிடையாது. ஓத்சு அரக்கனைத் தேடச் சொன்னால் சிறுவர்கள் ஆர்வத்துடன் பார்ப்பார்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். உள்ளே உணவகத்தை எதிர்பார்க்க வேண்டாம். குறிப்பாக மரக்கறி உணவு உண்போர் ஷிபுயாவிலேயே சாப்பிட்டுவிட்டு வருவது பாதுகாப்பு.

அங்குள்ள கடையில் என்ன வாங்கலாம்?

பல ஊர்களில் இன்றும் கையால் செய்யப்படும் பொருள்கள் அங்கே விற்கப்படுகின்றன. கிண்ணம், மூங்கிற்கூடை, கைத்தாள், கண்ணாடிக் குவளை போன்றவை. கியூஷுத் தீவின் ஓந்தாப் பாண்டங்கள் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ஹித்தா நகரையடுத்த அந்த மலைச்சிற்றூரில் ஓடைநீரால் இயங்கும் மர உலக்கைகள் இரவும் பகலும் மண்ணை இடித்துக்கொண்டிருக்கின்றன. யனகி 1931இல் அங்கே சென்று அதைப் பற்றி எழுதினார். சில குடும்பங்கள் மட்டுமே, மின்சாரச் சக்கரமின்றி, இன்றும் அத்தொழிலைச் செய்கின்றன. வாங்கிய கிண்ணத்தைக் கண்ணாடி அலமாரியில் பூட்டாமல் தினமும் சோறுண்ணப் பயன்படுத்துவதுதான் அதைச் செய்தவருக்குச் செய்யும் மரியாதை.

அருகில் வேறு என்ன பார்க்கலாம்?

நடந்து செல்லும் தொலைவில் கோமாபா பூங்கா உள்ளது. அதனுள் மாயேதா பிரபுவுக்காக 1929இல் முடித்த மேலைநாட்டுப் பாணி மாளிகையும், அதையொட்டிய ஜப்பானியப் பாணி இல்லமும் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. ஜப்பானிய நவீன இலக்கியக் காப்பகமும் அதே பூங்காவில்தான் உள்ளது. இவற்றின் விடுமுறை நாள்கள் வேறாக இருக்கலாம் என்பதால் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.